புகை குடிக்கும் கூரைகள்: ஷிராகவா, கோகயாமா நாட்குறிப்பு

அக்டோபர் 23, 2023, திங்கள். தகாயமா, நாள் முழுக்க மழை

ஜப்பானின் மலைக்கிராமமான ஷிராகவாவுக்குப் போகிறவர்கள் தகாயமாவை பஸ் மாறும் ஊராக மட்டுமே பார்க்கிறார்கள். புல் வேய்ந்த மரச்சட்ட வீடுகளைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் இங்கே அரை நாள் தங்கி, ஊரின் மேற்கு ஓரத்திலுள்ள ஹிடா நோ சாதோவைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. 1971-ல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் அது. சுற்றுவட்டாரத்து வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, ஒரு குளத்தைச் சுற்றி மறுபடி கூட்டியிருக்கிறார்கள். நுழைவு 700 யென், நம் பணத்தில் நானூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

மழையில் நனைந்தாலும் நஷ்டமில்லை. புல்கூரை எப்படி வேலை செய்கிறது என்பது மழையில்தான் தெரியும். தண்ணீர் புல்லின் தண்டுகள் மேல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, கூரை விளிம்பான இறவாணத்தில் வந்து சொட்டுகிறது. முக்கால் மீட்டர் கனமுள்ள கூரையில் நனைவது மேலே உள்ள சில சென்டிமீட்டர் மட்டும்தான். இதற்குச் சரிவு வேண்டும். 45 பாகைக்குக் கீழே போனால் தண்ணீர் ஓடாமல் உள்ளே இறங்கப் பார்க்கும். பக்கத்திலேயே மரப்பலகைச் சில்லுகளால் வேய்ந்து மேலே கல் வைத்த வீடுகளும் இருக்கின்றன. அவற்றின் கூரை தாழ்வாகவே கிடக்கிறது. பொருள் மாறினால் சரிவும் மாறுகிறது.

இங்குள்ள வாகயாமா வீடு 1751-ல் கட்டியது. நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவிக்கப்பட்டது. அது தன் இடத்தில் நிற்காமல் போனதற்குக் காரணம் மிபோரோ அணை. 1961-ல் முடிந்த அந்த அணைக்காக ஷோகாவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஊர்களே தண்ணீருக்குள் போயின. சட்டப் பாதுகாப்பு ஒரு வீட்டைக் காப்பாற்றலாம், அது நின்ற ஊரைக் காப்பாற்றும் என்று சொல்வதற்கில்லை. 24 மணி நேரத்துக்குள் ஷிராகவாவின் ஒரு பகுதியான ஒகிமாச்சியில் இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டைப் பார்க்கப் போகிறோம் என்பதால் இதைக் குறித்து வைக்கிறேன்.

வீடுகளுக்குள் தரையில் பதித்த இரோரி அடுப்பில் பணியாளர்கள் விறகு எரித்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். காட்சிக்காகச் செய்கிறார்கள் என்று நினைத்தால் தவறு. புகை ஏறாத புல்கூரையில் பூச்சி வரும், ஈரம் நிற்கும், கட்டுக்கயிறு இற்றுப்போகும். குடியில்லாத வீட்டுக்கு அடுப்பெரிப்பதுதான் முதல் பராமரிப்பு.

மாலையில் பழைய தெருவில் மிதராஷி உருண்டை. அரிசிமாவு உருண்டையைக் குச்சியில் கோத்து, சோயா மட்டும் தடவி நெருப்பில் சுடுகிறார்கள். மற்ற ஊர்களைப் போல இங்கே இனிப்புப் பாகு கிடையாது. ஒரு குச்சி 100 யென். குச்சியைப் போடக் குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது, வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 24, செவ்வாய். ஒகிமாச்சி, மேகமூட்டம்

தகாயமாவிலிருந்து ஐம்பது நிமிடம், பாதிக்கு மேல் சுரங்கப்பாதை. இறங்கியதும் கண்ணில் படுவது, எல்லா வீடுகளின் முகடும் ஒரே திசையில் இருப்பது. பள்ளத்தாக்கு தெற்கு வடக்காக நீள்கிறது. காற்றும் அதே வழியில்தான் அடிக்கிறது. அதனால் முக்கோணச் சுவர்களைக் காற்றுக்குக் காட்டி, கூரையின் இரண்டு சரிவுகளையும் கிழக்குக்கும் மேற்குக்கும் வைத்திருக்கிறார்கள். காற்று கூரையின் அகன்ற முகத்தில் மோதாது. காலை வெயில் ஒரு சரிவுக்கு, மாலை வெயில் மறு சரிவுக்கு. பனி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக உருகும், புல்லும் ஒன்றாகக் காயும். ஒரு பக்கம் மட்டும் பனி கனத்தால் மரச்சட்டம் கோணிக்கொள்ளும்.

வாதா வீட்டுக்கு 400 யென். ஒகிமாச்சியிலேயே பெரிய வீடு இது. ஊர்த்தலைவர் பொறுப்பில் இருந்த குடும்பம், வெடியுப்பு வியாபாரமும் செய்தவர்கள். குடும்பம் இன்னும் வீட்டின் ஒரு பகுதியில் இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றி, பரணுக்கு ஏறும் படியில் காலுறையோடு ஏற வேண்டும். படி செங்குத்து, மரம் பல தலைமுறைக் கால்கள் பட்டு வழவழவென்று இருக்கிறது. ஈரக் காலுறை வழுக்கி முழங்கால் சிராய்த்தது. மாற்று ஜோடி கையில் வைத்திருங்கள்.

கட்டமைப்பு இரண்டு தனித்தனி வேலைகள். கீழ்த்தளம் தச்சரின் வேலை: தூண், உத்தரம், விட்டம் எல்லாம் பொருத்துவாய் வெட்டி இணைத்தவை. மேலே கூரை ஊர்க்காரர் வேலை. அதில் ஆணியும் இல்லை, பொருத்துவாயும் இல்லை, எல்லாம் கட்டு. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடாக இருப்பது கூரையடி உத்தரம். அதன் இரு முனைகளிலும் குழி வெட்டி, பெரிய கைமரங்களின் அடிமுனையைச் சீவிய பென்சில் போலக் கூராக்கி அதில் ஊன்றுகிறார்கள். மேலே இரண்டு கைமரமும் ஒன்றையொன்று குறுக்கிட்டுக் கட்டப்படுகிறது. அடிமுனை குழியில் அசைய இடமிருப்பதால், புயலிலும் நிலநடுக்கத்திலும் கூரை கொஞ்சம் சாய்ந்து நிமிரும். கீழ்ச்சட்டத்தைப் பிடுங்காது. முகட்டைத் தாங்க நடுத்தூண் தேவையில்லை என்பதால் பரண் முழுக்கத் திறந்த வெளி. அங்கேதான் பட்டுப்புழு வளர்த்தார்கள். தரைக்குப் பலகையை இடைவெளி விட்டுப் பரப்பியிருப்பதால் அடுப்பின் சூடும் புகையும் தடையில்லாமல் மேலே வரும். முக்கோணச் சுவரின் காகிதச் சன்னல்கள் புழுவுக்கு வெளிச்சமும் காற்றும் தந்தன.

கைமரங்களுக்கு மேலே குறுக்கே வளைகள், அதற்கு மேலே சிறு கைமரங்கள், அதற்கு மேலே வரிச்சு. இவற்றோடு சரிவின் உட்பக்கத்தில் மூலைவிட்டமாகப் போகும் கழிகளைக் கட்டாயம் கவனியுங்கள். பயணிகள் யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை. முகட்டின் நீளவாக்கில் கைமர ஜோடிகள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்துவிடாமல் பிடித்திருப்பவை அவைதான். கட்டுவதற்கு இரண்டு பொருள்: வைக்கோல் கயிறு, நேஸோ. நேஸோ என்பது மன்சாகு மரத்தின் இளங்கொம்பு. பச்சையாக இருக்கும்போதே முறுக்கி நாராக்கிக் கட்டிவிட்டால், காயக் காயச் சுருங்கி இறுகும். காய்ந்த கொம்பைக் கட்டினால் ஒடியும். புகை பட்டுக் கறுத்த பழைய நேஸோவைத் தட்டிப் பார்த்தால் இரும்புக்கம்பி மாதிரிதான் இருக்கிறது.

இன்னொன்று சோன்னா விட்டம். மலைச்சரிவில் வளரும் மரத்தை இளமையிலேயே பனி அழுத்துவதால் அடிமரம் வளைந்து நிமிரும். அந்த வளைவை நிமிர்த்தாமல் அப்படியே அறுத்து, நடுக்கூடத்தின் பாரத்தைப் புறத்தூணுக்குத் தள்ளும் விட்டமாக்கியிருக்கிறார்கள். சந்தையில் விலை போகாத மரம் வீட்டின் கனமான வேலையைச் செய்கிறது.

இரவு ஒரு புல்வேய்ந்த வீட்டு விடுதியில். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 12,000 யென். அறைகளுக்கு நடுவே காகிதக் கதவுதான். பக்கத்து அறைக்காரர் புரண்டு படுப்பது கேட்கும். மக்னோலியா இலையில் மிசோ என்ற சோயா விழுதை வைத்துக் கரி அடுப்பில் சுட்டது, ஆற்றுமீன், மலைக்கீரை, கயிற்றில் கட்டித் தூக்கினாலும் உடையாத கெட்டி டோஃபு. சைவக்காரர்கள் முன்கூட்டியே எழுதிச் சொல்ல வேண்டும். கீரைக் குழம்பிலும் மீன்சாறு இருக்கும். சொல்லியிருந்ததால் விடுதியம்மா தனிக் குழம்பு வைத்திருந்தார். நனைந்த காலுறையை அடுப்பருகே காயவைக்கவும் அவரே வாங்கிக்கொண்டார்.

அடுப்புக்கு மேலே ஆளுயரத்தில் ஒரு பெரிய மரத்தட்டி தொங்கியது. பொறி பறந்து கூரைக்குப் போகாமல் தடுப்பது, சூட்டையும் புகையையும் பரப்பிவிடுவது, மீன் உலர்த்துவது என்று மூன்று வேலை அதற்கு.

அக்டோபர் 25, புதன். ஒகிமாச்சி, காலைக் குளிர், பிறகு வெயில்

விடிந்ததும் தெருவில் நடந்தால் பாதுகாப்புச் சட்டத்தை நேரில் பார்க்கலாம். ஒவ்வொரு சில வீட்டுக்கும் இடையே சின்னப் புல்கூரைப் பெட்டி மாதிரி ஒன்று நிற்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர் பீய்ச்சும் குழல். ஊரில் இப்படி 59 உண்டு. மேட்டில் 600 டன் தொட்டி. தண்ணீர் மேட்டிலிருந்து தானாக இறங்குகிறது, மின்சாரம் போனாலும் அழுத்தம் போகாது. ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர் காலத்தில் எல்லாக் குழலையும் ஒரே நேரத்தில் திறந்து ஒத்திகை. படமெடுக்க ஊர் கொள்ளாத கூட்டம் வரும். குழலின் நோக்கம் எரியும் வீட்டை அணைப்பதைவிட, பக்கத்துக் கூரைகளை நனைத்து வைப்பது. உலர்ந்த புல்லில் ஒரு பொறி போதும். ஊர்க்காரர்கள் முறை வைத்து நாளுக்குப் பலமுறை சுற்றிவந்து தீ எச்சரிக்கை சொல்கிறார்கள். தெருவில் சிகரெட்டும் பட்டாசும் கூடாது.

தீ இல்லாமல் இந்தச் சட்டத்தின் வரலாறும் இல்லை. 1949 ஜனவரி 26 அன்று நாராவில் ஹோரியூஜி கோயிலின் பொன்மண்டபம் தீப்பிடித்து, சுவரோவியங்கள் கருகின. அடுத்த ஆண்டே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்த வீட்டில், இருக்கும் நிலையை மாற்றுவதற்கு நாட்டின் பண்பாட்டுத் துறைத் தலைவரின் அனுமதி வேண்டும். வெளித்தோற்றம், உள்ளறை, தூண் என்று எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். சேதப்படுத்தினால் ஐந்தாண்டு வரை சிறை அல்லது பத்து லட்சம் யென் வரை அபராதம். உரிமையாளரே சேதப்படுத்தினாலும் குற்றம்தான், தண்டனை மட்டும் குறைவு. ஒகிமாச்சியில் வாதா வீடு 1995-ல் இந்த வகைக்குள் வந்தது.

ஆனால் ஊரையே இப்படிப் பூட்ட முடியாது, மக்கள் அங்கே வாழ வேண்டும். 1975-ல் சட்டத்தைத் திருத்தி, மரபுக் கட்டிடத் தொகுதிக்கான பாதுகாப்புப் பகுதி என்ற வகையைச் சேர்த்தார்கள். 1976-ல் நாடு முழுவதிலும் முதலில் தேர்ந்தெடுத்த ஏழில் ஒகிமாச்சியும் ஒன்று. இதன் போக்கு வேறு. உள்ளூராட்சி எல்லை வரைந்து, விதி இயற்றி, திட்டம் போட்டு விண்ணப்பிக்கிறது. அதற்குப் பிறகே நாடு தேர்ந்தெடுக்கிறது. புதிதாகக் கட்ட, இடிக்க, வெளித்தோற்றத்தை மாற்ற, மண்ணை வெட்ட, மரம் வெட்ட, எல்லாவற்றுக்கும் ஊர் நிர்வாகத்திடம் அனுமதி வேண்டும். உள்ளே சமையலறையை, குளியலறையைப் புதுப்பிப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் விருப்பம். நீர்க்கால்வாய், வேலி, மரங்கள் போன்றவையும் பட்டியலில் வரலாம். பட்டியலில் உள்ள வீட்டுக்குச் சொத்து வரி விலக்கு, கூரைச் செலவில் பெரும்பங்குக்கு மானியம்.

இதற்கும் முன்னால் ஒன்று நடந்தது. ஷிராகவாவில் 1924 வாக்கில் சுமார் 300 புல்கூரை வீடுகள் இருந்தன, 1961-ல் அது 190 ஆகிவிட்டது. விற்றார்கள், உணவகமாக்க நகரத்துக்குப் பெயர்த்துப் போனார்கள், எரிந்தன. 1971-ல் ஒகிமாச்சி மக்களே கூடி மூன்று உறுதி எடுத்தார்கள்: விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம். ஐந்தாண்டு கழித்து வந்த சட்டம் அதற்கு முத்திரை குத்தியது. 1995-ல் யுனெஸ்கோ பட்டியல். இந்த வரிசை தலைகீழாக இருந்திருந்தால் ஊர் நின்றிருக்காது என்பது என் கருத்து. யுனெஸ்கோ பலகையைப் பார்த்து ஊரை மதிக்கிற பயணிகள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

கட்டிடத் தரச் சட்டம் வேறொரு முட்டுக்கட்டை. தீத்தடுப்புப் பகுதிகளில் எரியக்கூடிய கூரை கூடாது என்கிறது. தேசிய அளவில் அறிவித்த வீடுகளுக்கு அந்தச் சட்டமே விலக்குத் தருகிறது. பாதுகாப்புப் பகுதி வீடுகளுக்கு உள்ளாட்சி தன் விதி மூலம் தளர்த்திக்கொள்ளலாம். இந்த விலக்கு இல்லாத ஊர்களில் பழைய புல்கூரை மேல் தகரம் போர்த்திய வீடுகளைச் சாலையோரம் நிறையப் பார்க்கலாம்.

இந்தச் சட்டம் எதிலும் அடுப்பெரிக்கச் சொல்லும் வரி கிடையாது. கூரை நிற்பதோ அதில்தான். குளிருக்குக் கண்ணாடிச் சன்னல் போட்டு, கூடத்துக்கு மேலே உத்தரப் பலகை அடித்து, மண்ணெண்ணெய் அடுப்பு வைத்தால் வீடு வசதியாகிறது, வெளித்தோற்றமும் மாறவில்லை. ஆனால் புகை பரணுக்குப் போவதில்லை. முன்பு 40 ஆண்டும் அதற்கு மேலும் தாங்கிய கூரை 25, 30 ஆண்டில் கேட்கிறது.

ஆற்றுக்கு மறுகரையில் உள்ள மின்கா-என் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குத் தொங்குபாலம் வழியாகப் போகலாம், 600 யென். மலைக்குள் இருந்த கசுரா என்ற குக்கிராமத்தை 1960-களின் கடைசியில் மக்கள் கூட்டாகக் காலிசெய்தபோது மிஞ்சிய வீடுகளை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்பது கட்டிடங்கள் கிஃபு மாகாணத்தின் பட்டியலில் உள்ளன. ஆளற்ற வீடுகளின் வரிசை கொஞ்சம் சலிப்புத் தரும். கட்டுமுறை விளக்கப் பலகைகளுக்காகப் போகலாம்.

திரும்பும் வழியில் ஒரு வீட்டின் கிழக்குச் சரிவில் சாரம். முழு வேய்ச்சல் அல்ல, செருகல் வேலை. தேய்ந்த இடத்தில் பழைய புல்லை மரத்தடியால் நெம்பி, இடைவெளியில் புதுப்புல்லைச் செருகித் தட்டி இறுக்குகிறார்கள். எங்கே தேய்கிறது என்பதற்கும் காரணங்கள் உண்டு: மரநிழல் விழும் இடத்தில் பாசி, இறவாணத்தில் வழுக்கி இறங்கும் பனி இழுப்பது, காகம் பிடுங்குவது. ஆபத்தானது முகடு. அங்கே ஒழுகினால் தண்ணீர் கைமரத்தின் வழியே இறங்கி, அடிமுனைக் குழியில் போய் நிற்கும். ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாது. அதனால் முகட்டுப் புல்லை மட்டும் சில ஆண்டுக்கொருமுறை மாற்றிவிடுகிறார்கள்.

மதியம் சோபா நூடுல்ஸ் 1,000 யென், பிறகு கோஹே மோச்சி 300. சோற்றைப் பிசைந்து தட்டிச் சுட்டு, அக்ரூட் மிசோ தடவியது. வயல் வரப்பில் நின்று சாப்பிடாதீர்கள். ஒரு பாட்டி வாசலில் வந்து குனிந்து வணங்கிவிட்டு, அந்தப் பக்கம் பெஞ்சு இருக்கிறது என்று கை காட்டினார். அது கண்டிப்புதான் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

அக்டோபர் 26, வியாழன். அய்னோகுரா, வெயில்

ஒகிமாச்சியிலிருந்து வடக்கே டோயாமா மாகாணத்துக்குப் போகும் பஸ் நாளுக்குச் சிலதான். முதலாவது கிளம்பிப் போயிருந்தது. அட்டவணையில் வார இறுதிக்கான பக்கத்தைப் பார்த்ததன் பலன். நிறுத்தத்தில் காத்திருந்த நேரத்துக்குக் காபி 450 யென். அடுத்த பஸ்ஸின் ஓட்டுநர் பெட்டியைத் தூக்கி வைத்து, இறங்கும்போது ஊருக்கு ஏறும் பாதையையும் காட்டினார்.

கோகயாமா மலைப்பகுதியின் அய்னோகுரா கிராமத்தில் இப்படிப்பட்ட வீடுகள் சுமார் 20. இங்கே 1970-லேயே ஊர் முழுவதையும் தேசிய வரலாற்றிடமாக அறிவித்துவிட்டார்கள். 1994-ல் பாதுகாப்புப் பகுதி. வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் காட்டை வெட்டக் கூடாது என்பது ஊரின் பழைய கட்டுப்பாடு. பனிச்சரிவு ஊர்மேல் விழாமல் தடுப்பது அந்தக் காடுதான். அதற்குப் பக்கத்தில் கூரைப்புல் வளர்க்கும் சரிவு. கூரை இங்கிருந்து தொடங்குகிறது.

இந்தப் புல் நம்மூர் விழல் அல்ல, காரியாசு. தண்டு மெல்லியது, நேரானது, உள்ளே துளை. தடித்த சுசுகிப் புல்லைவிட நெருக்கமாக அடங்கும், நீண்ட நாள் தாங்கும். இலை காய்ந்து உதிரும் அக்டோபர் கடைசி, நவம்பரில் அறுக்கிறார்கள். பச்சையில் அறுத்தால் சர்க்கரைச் சத்து உள்ளே இருந்து பூஞ்சை பிடிக்கும், தாமதித்தால் பனி விழுந்து படுத்துவிடும். ஏறக்குறைய நான்கு வாரம்தான் கைக்குள் இருக்கிறது. கட்டுகளைக் கூம்பாக நிறுத்தி உலர்த்திச் சேமிக்கிறார்கள்.

வேய்வதில் முதல் நாள் பிரிக்கும் வேலை. பல ஆண்டுக் கரி கொட்டும், முகமூடி இல்லாமல் யாரும் ஏறுவதில்லை. உட்புறத்து நல்ல புல்லைத் தனியே எடுத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள், இற்றது வயலுக்கு உரம். பிறகு கட்டுகளைச் சோதித்து மாற்றுவது. அப்புறம் இறவாணத்திலிருந்து மேல்நோக்கி அடுக்குவது. தண்டின் அடிப்பக்கம் வெளியே, கீழ்நோக்கி. சரியாகச் செய்யத் தெரியாதவர் தவறுவது ஒன்றில்தான்: புல்லின் சாய்வு. அடுக்க அடுக்கப் புல் படுத்துக்கொண்டே வரும். கிடைமட்டமாகிவிட்டால் தண்ணீர் உள்பக்கம் திரும்பும். அதைத் தடுக்க இடையிடையே அண்டை கொடுத்து, தண்டின் முனை எப்போதும் வெளியே தாழ்ந்திருக்கும்படி பார்க்க வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே கழி வைத்து, கயிறு கோத்த பெரிய மர ஊசியை வெளியே இருப்பவர் குத்துகிறார். பரணில் இருப்பவர் வரிச்சைச் சுற்றித் திருப்பி அனுப்புகிறார். இரண்டு பேரும் குரல் கொடுத்துக்கொள்ளாவிட்டால் ஊசி கண்ணில் குத்தும். முகடு முடிந்ததும் மேலிருந்து கீழே கத்தரித்துக்கொண்டே சாரத்தைப் பிரிக்கிறார்கள்.

முன்பு இதெல்லாம் யூயி என்ற பரிமாற்று உழைப்பு. நூறு, இருநூறு பேர் கூடி ஒரு சரிவை ஓரிரு நாளில் முடிப்பார்கள். யார் எத்தனை ஆள், எவ்வளவு கயிறு, எத்தனை கட்டுப் புல் தந்தார்கள் என்று கணக்கேட்டில் எழுதி, அவர்கள் வீட்டு முறை வரும்போது அதே அளவு திருப்பித் தரவேண்டும். இப்போது கோகயாமாவில் உள்ளூர் வனக் கூட்டுறவு ஆட்கள்தான் வேய்கிறார்கள். 15, 20 ஆண்டுக்கொருமுறை மாற்றுகிறார்கள். பெரிய வீட்டின் முழுக்கூரைக்கு ஒரு கோடி யென்னைத் தாண்டிப் போகிறது. மானியம் போக மிச்சமே ஒரு குடும்பத்துக்குப் பாரம்தான். 2020-ல் ஜப்பானின் மரக்கட்டிடப் பாதுகாப்புத் தொழில்நுட்பங்களை யுனெஸ்கோ அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, கூரை வேய்வதும் புல் அறுப்பதும் அதற்குள் வந்தன. வீட்டை மட்டும் பட்டியலிட்டால் போதாது என்பது கடைசியில் காகிதத்திலும் ஏறிவிட்டது.

ஊர்க்கடையில் கெட்டி டோஃபு, சோயா ஊற்றி ஒரு தட்டு 300 யென். வெடியுப்பு செய்முறையும் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரைக்கடியில் குழி வெட்டி மண், பட்டுப்புழு எச்சம், காட்டுத்தழை, சிறுநீர் எல்லாம் அடுக்கி, நான்கைந்து ஆண்டு ஊறவிட்டு எடுத்து, இந்தப் பகுதியை ஆண்ட மாயேதா பிரபுக்களுக்குக் கொடுத்தார்கள். அடுப்புச்சூடு அந்தக் குழிக்கும் தேவைப்பட்டது. மேலே புழு, நடுவில் மனிதர், கீழே வெடியுப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே அடுப்பு.

மாலை பஸ்ஸில் தகாவோகா நகரத்துக்கு. துணிப்பை முழுக்கப் புகை வாசனை, பக்கத்து இருக்கைக்காரர் சன்னலைத் திறந்துகொண்டார். புகை பட்ட கம்பளி உடையை உலர்சலவைக்குத்தான் போட வேண்டும். விடுதியின் காசு போடும் இயந்திரத்தில் துவைத்ததில் 400 யென் போனது, வாசனை போகவில்லை.